ஏணிக் கணக்கு

இணைந்த கணிதம் படிக்கும் சகோதரிகளுக்கு ஏணிக் கணக்கை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. சீரான ஏணி ஒன்று ஒப்பமான சுவரில் சாய்ந்து, கரடான தரையில் நிற்கும். அதில் ஒரு மனிதன் ஏறுவான். எவ்வளவு தூரம் ஏறும்வரை ஏணி வழுக்காது என்று கேட்பார்கள். அந்த மனிதனுக்குப் பெயர் இல்லை, வீடு இல்லை, பிள்ளைகள் இல்லை. நிறை மட்டும் கொடுக்கப்பட்டிருக்கும். நானும் அப்படிப்பட்ட கணக்குகள் எத்தனையோ செய்து, விடையைப் பார்த்துச் சரி போட்டுவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டியிருக்கிறேன்.

சென்ற வருடம் ஆனி மாதத்தில் ஒரு நாள் மாலை, அந்த மனிதன் என்னுடைய வாப்பாவாகிவிட்டார்.

வாப்பா நயினாதீவில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை செய்கிறார். பிறந்தது யாழ்ப்பாணம் சோனகத்தெருவில். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது அவருக்கு எட்டு வயது. புத்தளத்தில் வளர்ந்து, அங்கேயே கலியாணம் முடித்தார். யுத்தம் முடிந்த பிறகு திரும்பி வந்தபோது, உம்மாவின் உறவினர்கள் நயினாதீவில் இருந்தபடியால் நாங்களும் அங்கே குடியேறினோம். நான் உயர்தரம் படிப்பதற்காகப் பட்டணத்தில் மாமி வீட்டில் தங்கியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ்ஸில் குறிகட்டுவானுக்குப் போய், அங்கிருந்து படகேறி வீட்டுக்குப் போவேன்.

தீவில் உள்ள கடைகளைப் பார்த்தவர்களுக்கு ஒரு விடயம் தெரிந்திருக்கும். பட்டணத்துக் கடைகளைவிட அவற்றில் சாமான் உயரமாக அடுக்கப்பட்டிருக்கும். காரணம் கடல்தான். லொறியில் குறிகட்டுவானுக்கு வரும் சாமானைப் படகில் மாற்றி ஏற்றி, நயினாதீவு இறங்குதுறையில் இறக்கி, திரும்பவும் வண்டியில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். சோளகக் காற்று பலமாக வீசும் நாட்களில் படகோட்டம் குறையும். ஆகவே இடைக்கிடை சிறிதாக வாங்குவது கட்டுப்படியாகாது. கிடைக்கும்போது நிறைய வாங்கி நிரப்பி வைக்க வேண்டும். அதிலும் ஆனி மாதம் நாகபூஷணி அம்மன் கோயில் திருவிழா. சனம் படகு படகாக வந்து இறங்கும். திருவிழாவுக்கு முன்பே கடை கூரை மட்டும் நிரம்பிவிடும். இறாக்கையில் இடமில்லாமல் போனால் சீனி மூட்டையும் மா மூட்டையும் இறாக்கையின் அடியில் தரையிலேயே அடுக்கப்படும். இந்த மூட்டைகளை நினைவில் வைத்திருங்கள். பிறகு அவற்றிடம் வருவேன்.

அன்று அஸர் தொழுதுவிட்டு வாப்பா கடைக்குத் திரும்பியிருக்கிறார். அன்னதானத்துக்குச் சமைப்பதற்கு ஒருவர் பெரிய கிடாரம் கேட்டு வந்தார். கிடாரம் அடிக்கடி விற்கும் பொருள் அல்ல, அதனால் மேல்தட்டில் இருந்தது. வழக்கமாக ஏணியைப் பிடிக்கும் பையன் இறங்குதுறைக்குச் சாமான் இறக்கப் போயிருந்தான். வாப்பா ஏணியைச் சாய்த்து ஏறினார். மேலே போய்க் கிடாரத்தின் காதைப் பிடிக்கும்போது ஏணியின் கால் பின்பக்கமாக வழுக்கியது. ஏணியோடு சேர்ந்து கீழே வந்தவர் குதிக்கால் அடிபட நிலத்தில் விழுந்தார். கிடாரம் அவருக்குப் பக்கத்தில் விழுந்து உருண்டது. "அது தலையில விழாதது அல்லாஹ்வின்ர கிருபை" என்று உம்மா இன்றைக்கும் சொல்வார்.

உடனே தூக்கி இருத்தப் பார்த்தார்களாம். நல்ல வேளையாக, கிடாரம் வாங்க வந்தவர் தடுத்திருக்கிறார். உயரத்திலிருந்து விழுந்தவரின் முள்ளந்தண்டு அடிபட்டிருந்தால், தூக்கி இருத்துவதே கேடாக முடியலாம். கடையில் விற்பனைக்கு இருந்த பலகைத் தட்டு ஒன்றை இழுத்து, அதில் வாப்பாவைக் கிடத்தி, தீவிலுள்ள வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே காலுக்குக் கட்டுப்போட்டு, பட்டணத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். நயினாதீவுப் பயணிகள் படகில் போனவர்களுக்குத் தெரியும், குனிந்து படியிறங்கித்தான் உள்ளே போக வேண்டும். பலகையில் கிடப்பவரை அதற்குள் இறக்க முடியாது. மீன்பிடிப் படகு ஒன்றில் பலகையோடு வைத்து, இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு கடலைக் கடந்திருக்கிறார்கள். குறிகட்டுவானில் 1990 அம்புலன்ஸ் காத்து நின்றது.

இந்த இலவச அம்புலன்ஸ் சேவை 2018இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. அதன் தொலைபேசி இலக்கம் 1990. எங்கள் வீட்டில் அந்த எண்ணைச் சொன்னால் பெரியவர்கள் ஒரு கணம் பேச்சை நிறுத்துவார்கள். அன்று அந்த எண்ணை அழுத்தியது உம்மாவின் விரல். பிறகு ஒருநாள் வாப்பா கட்டிலில் படுத்தபடியே, "ஒரு 1990 எங்களை ஏத்தி இறக்கினது, மற்ற 1990 ஏத்திக்கொண்டு வந்தது" என்று சொல்லிச் சிரித்தார். உம்மா சிரிக்கவில்லை.

யாழ். போதனா வைத்தியசாலையில் வலது குதிக்கால் எலும்பு உடைந்திருப்பது படத்தில் தெரிந்தது. முதுகையும் படம் எடுத்தார்கள். காலில்தானே அடி, முதுகு எதற்கு என்று மாமி கேட்டபோது, குதிக்காலால் விழுபவர்களுக்கு அடியின் வேகம் கால் வழியே மேலே ஏறி முள்ளந்தண்டையும் நொறுக்கக்கூடும் என்று வைத்தியர் விளங்கப்படுத்தினார். அல்ஹம்துலில்லாஹ், முதுகுக்கு ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு மூன்று மாதங்கள் அந்தக் காலை நிலத்தில் ஊன்றக்கூடாது என்றார்.

இனி, இந்தக் கட்டுரையை எழுதவைத்த விடயத்துக்கு வருகிறேன்.

அன்று பின்னேரம் 4.42க்கு நான் வாப்பாவுக்கு அழைப்பு எடுத்திருந்தேன். கடந்தகால வினாத்தாள் புத்தகம் ஒன்று வாங்கக் காசு வேண்டும், அவ்வளவுதான். அவர் எடுக்கவில்லை. திரும்பவும் எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்து நின்றுவிட்டது. வாப்பா எப்போதும் தொலைபேசியைச் சட்டைப் பையில் வைத்திருப்பார். மாமிக்கு விழுந்த செய்தி வந்தபோது ஐந்து மணி இருக்கும். எத்தனை மணிக்கு விழுந்தார் என்று நான் எல்லோரிடமும் கேட்டேன். ஒருவர் நாலரை என்றார், ஒருவர் நாலே முக்கால் என்றார். திருவிழா நேரத்தில் யார் மணிக்கூட்டைப் பார்த்தார்கள்?

ஏணியில் ஏறும்போது இரண்டு கால், ஒரு கை, அல்லது இரண்டு கை, ஒரு கால் என்று எப்போதும் மூன்று இடங்களில் பிடிமானம் இருக்க வேண்டும் என்பது உலகம் முழுவதும் சொல்லிக்கொடுக்கப்படும் விதி. ஒரு கையில் கிடாரம். மற்றக் கை என்னுடைய அழைப்பை எடுக்கப் பைக்குப் போயிருந்தால்? இதை யாரிடமும் சொல்லவில்லை. தொலைபேசியில் இருந்த அந்த இரண்டு அழைப்புப் பதிவுகளையும் அழித்தேன். அழித்தும் எண் மனதில் நின்றது, 4.42.

வீட்டில் கஷ்டம் தொடங்கியது. நாட்சம்பளக்காரர் படுத்தால் அன்றைய சம்பளம் இல்லை. முதலாளி நல்ல மனிதர். வாப்பா அவரை "அண்ணை" என்றுதான் கூப்பிடுவார். வைத்தியசாலைக்குத் தோடம்பழமும் ஹோர்லிக்ஸும் கொண்டு வந்தார், போக்குவரத்துச் செலவு முழுவதும் கொடுத்தார், மூன்று மாதம் அரைச் சம்பளம் தந்தார். உம்மா தையல் மெஷினைத் தூசு தட்டி எடுத்தார். நான் பிரத்தியேக வகுப்பு ஒன்றை நிறுத்தினேன். இவற்றை நீட்டி எழுத விருப்பமில்லை. பல வீடுகளில் நடப்பதுதான்.

பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொன்னார்கள். கண்ணூறு என்றார் ஒருவர். நசீபு என்றார் இன்னொருவர். பெரும்பாலானவர்கள் சொன்னது, "கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்." வாப்பாவும் அதையே சொன்னார். "என்ர கவனக்குறைவுதான்." அவர் அதைச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் எனக்கு நெஞ்சு அடைக்கும். அது அவருடைய கவனக்குறைவு அல்ல, நான் கவனத்தைக் கலைத்தேன் என்று சொல்ல வாய் வராது.

இரண்டாம் தவணை விடுமுறையில் கடைக்குப் போனேன். வாப்பாவின் குடையும் தொப்பியும் அங்கேயே கிடந்தன, அவற்றை எடுக்கத்தான் போனேன். ஏணி அதே இடத்தில் சாய்ந்து நின்றது. அதே மூட்டைகள். எனக்கு என்ன தோன்றியதோ, துணி அளக்கும் நாடாவை வாங்கி அளந்தேன். ஏணியின் நீளம் 12 அடி. இறாக்கையிலிருந்து ஏணியின் கால் 6 அடி தள்ளி இருந்தது. முதலாளி, "என்ன பிள்ளை அளக்கிறாய்?" என்று கேட்டார். "சும்மா மாமா" என்றேன்.

12 அடி ஏணிக்கு 6 அடி என்றால் தரையோடு அது அமைக்கும் கோணம் 60 பாகை. ஏணிக்குச் சொல்லப்படும் விதி, நாலடி உயரத்துக்கு ஓரடி தள்ளி வைக்க வேண்டும் என்பது. அதன்படி அந்த ஏணியின் கால் மூன்றடிக்குள் நின்றிருக்க வேண்டும். கோணம் ஏறக்குறைய 75 பாகை. ஆனால் அந்த மூன்றடியில் சீனி மூட்டையும் மா மூட்டையும் இருந்தன. மூட்டைக்கு அப்பால்தான் ஏணியை வைக்கலாம். வாப்பா விரும்பி அப்படி வைக்கவில்லை. வேறு இடம் இருக்கவில்லை. ஏணியைப் புரட்டிக் காலைப் பார்த்தேன். ஒரு காலில் றப்பர் தேய்ந்து வழவழத்திருந்தது. மற்றதில் றப்பரே இல்லை, சாக்குத் துணி சுற்றிக் கயிற்றால் கட்டியிருந்தது. தரை மாபிள். அதில் எந்நேரமும் மெல்லிய மாத் தூசு படிந்திருக்கும்.

அன்றிரவு வீட்டில் கணக்குக் கொப்பியை எடுத்தேன். ஏணி 15 கிலோ, வாப்பா 72 கிலோ என்று வைத்தேன். ஏணியின் அடியைச் சுற்றித் திருப்பம் எடுத்து, வழுக்காமல் இருக்கத் தேவையான உராய்வுக் குணகத்தைக் கண்டேன். 60 பாகையில், முதலாவது அடியில் ஒருவர் நிற்கும்போது 0.09 போதும். எந்தத் தரையும் அதைக் கொடுக்கும். அதனால்தான் ஏறத் தொடங்கும்போது ஏணி உறுதியாக இருப்பதுபோலத் தெரிகிறது. ஏற ஏற அந்த எண் கூடிக்கொண்டே போகிறது. ஏணியில் பத்தாவது அடிக்குப் போகும்போது 0.45 வேண்டும். மாத் தூசு படிந்த மாபிளில், சாக்குத் துணி சுற்றிய காலுக்கு அது எங்கே கிடைக்கும்? அதே ஏணி, அதே வாப்பா, அதே பத்தாவது அடி, ஏணியை மட்டும் நாலுக்கு ஒன்று என்று வைத்தால் 0.19 போதும். பாதிக்கும் குறைவு.

விடுமுறை முடிந்து வந்ததும் கொப்பியைக் கணித ஆசிரியையிடம் காட்டினேன். யாருடைய கணக்கு என்று சொல்லவில்லை. அவர் பார்த்துவிட்டு, "செய்கை சரி. ஆனால் இறாக்கை ஒப்பமான சுவர் அல்ல, அங்கேயும் கொஞ்சம் உராய்வு இருக்கும். உண்மையில் தேவைப்படுவது இதைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "இதில் வேறு ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றார்.

கேட்டேன். "மிஸ், ஏறுகிறவர் ஏணியைக் கையால் பிடித்திருந்தால் விடை மாறுமா?"

அவர் சமன்பாட்டை விரலால் தொட்டுக் காட்டினார். "இதில் கை எங்கே இருக்கிறது? அவர் ஏணியைப் பிடித்தாலும் விட்டாலும் அவருடைய நிறை ஏணியில்தான். தரையில் கால் வழுக்கினால் ஏணியும் அவரும் சேர்ந்துதான் வருவார்கள்."

அன்று பாடசாலைப் பள்ளிவாசலில் லுஹர் தொழுதுவிட்டு நீண்ட நேரம் எழும்பாமல் இருந்தேன்.

பிறகு நான் தேடி வாசித்தவற்றில் ஒன்றிரண்டைச் சொல்கிறேன். அமெரிக்காவில் 2011ஆம் ஆண்டில் மட்டும் வேலைத்தலங்களில் ஏணியிலிருந்து விழுந்து 113 பேர் இறந்திருக்கிறார்கள். ஒரு நாளாவது வேலைக்குப் போக முடியாதபடி காயப்பட்டவர்கள் ஏறக்குறைய 15,460 பேர். அவர்கள் அதை நசீபு என்று விட்டுவிடவில்லை, எண்ணினார்கள். எண்ணியதால் காரணம் தேடினார்கள். அந்த நாட்டின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், 2013இல் கைத்தொலைபேசிக்கு ஒரு செயலியே வெளியிட்டது. தொலைபேசியை ஏணியோடு சேர்த்து வைத்தால் கோணம் சரியா என்று அது சொல்லும். தொலைபேசி ஏணிக்கு உதவவும் கூடும் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். எங்கள் வாப்பாவின் வைத்தியசாலைத் துண்டில் "உயரத்திலிருந்து விழுந்தவர்" என்று மட்டும் இருந்தது. மாமரத்திலிருந்து விழுந்தவருக்கும் அதையே எழுதலாம்.

வர்த்தகப் பிரிவில் படிக்கும் என் தோழி சட்டப் பக்கத்தைத் தேடித் தந்தாள். நம் நாட்டில் தொழிற்சாலைகளின் பாதுகாப்புக்கு 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. கடை தொழிற்சாலை அல்லவே. கடைகளுக்கு உள்ளது 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம். அது வேலை நேரம், விடுமுறை, சம்பளம் பற்றியே பெரிதும் பேசுகிறது. ஆனால் எங்களுக்குத் தேவையானது இரண்டையும்விடப் பழையது: 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். வேலையின்போது, வேலையின் காரணமாக விபத்து நேர்ந்து ஒருவர் காயப்பட்டால் நட்டஈடு கொடுக்கும் பொறுப்பு தொழில் கொடுப்பவருக்கு உண்டு. முதலாளி பிழை செய்தார் என்று காட்டவேண்டிய அவசியமில்லை. தொழிலாளி குடித்திருந்தாலோ, பாதுகாப்புக்காகச் சொன்னதை வேண்டுமென்றே மீறியிருந்தாலோ கதை வேறு. வெறும் கவனக்குறைவு அந்த உரிமையை இல்லாமல் செய்வதில்லை.

வாப்பா மூன்று மாதமாகத் திரும்பத் திரும்பச் சொன்ன சொல்லுக்குச் சட்டத்தில் அவ்வளவுதான் மதிப்பு.

இதை வாப்பாவிடம் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்தது. ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, "நான் புத்தளத்திலயிருந்து ஒரு பையோட வந்து இறங்கேக்க, நீ ஆர் எண்டு கேக்காமல் வேலை தந்த மனிசன். அவரைத் தொழில் கந்தோருக்கு இழுக்கவோ உன்னைப் படிப்பிக்கிறன்?" என்றார். நான் பேசாமல் இருந்தேன். வாப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அன்புக்காகக் கொடுக்கப்படுவதை அன்பு குறைந்தால் நிறுத்தலாம். உரிமையை அப்படி நிறுத்த முடியாது. அந்த வித்தியாசத்தை அவருக்குச் சொல்ல எனக்கு இன்னும் சரியான வார்த்தை கிடைக்கவில்லை. நாங்கள் இதுவரை எங்கும் விண்ணப்பிக்கவில்லை.

அந்தப் பேச்சு முடிந்த சூட்டிலேயே மற்றதையும் சொல்லிவிட்டேன். 4.42. இரண்டு அழைப்பு. புத்தகத்துக்குக் காசு. சொல்லும்போது அழுதேன்.

வாப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "போன் அடிச்சது எனக்குக் கேக்கவே இல்லையே மகள்" என்றார். "நீ இதையோ இவ்வளவு நாளும் வைச்சுக்கொண்டு திரிஞ்சனீ?"

வாப்பா பொய் சொல்வதில்லை. ஆனால் தன் பிள்ளைக்காக ஒன்றே ஒன்று சொல்லியிருக்கவும் கூடும். கொப்பியைக் கொண்டுவந்து கணக்கைக் காட்டினேன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் 0.45ஐயும் 0.19ஐயும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப மூட்டையைத் தள்ளி வைச்சிருக்க வேணும்" என்றார். மூன்று மாதத்தில் முதல் தடவையாகக் கவனக்குறைவு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை.

அந்தக் கொப்பியை அவரே கடைக்குக் கொண்டுபோனார். முதலாளி கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார். "கணக்கெல்லாம் சரி பிள்ளை. மூட்டையை எங்கை வைக்கிறது? கடலிலையோ?" என்று கேட்டார். அது நியாயமான கேள்விதான். இரண்டு பேரும் கடையைச் சுற்றிப் பார்த்தோம். கதவுப் பக்கத்தில் பிளாஸ்ரிக் கதிரைகள் அடுக்கியிருந்த மூலைக்கு மூட்டைகள் போயின. கதிரைகள் மேலே ஏறின. பாரமான கிடாரங்கள் இடுப்புயரத்துக்கு இறங்கின. ஏணிக்கு இரண்டு புதிய றப்பர்க் கால்கள் வந்தன. தரையில், இறாக்கையிலிருந்து மூன்றடி தள்ளிச் சிவப்புப் பெயின்ரால் நான் ஒரு கோடு போட்டேன். ஏணியின் கால் அந்தக் கோட்டில் நிற்க வேண்டும். கோடு கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கிறது. திருவிழா வந்தால் மூட்டைகள் திரும்பவும் அந்த இடத்துக்கு வராது என்று என்னால் சொல்ல முடியாது. பையன் இறங்குதுறைக்குப் போகும் நேரத்தில் ஏணியை யார் பிடிப்பது என்பதற்கும் இன்னும் வழி பிறக்கவில்லை.

வாப்பா இப்போது வேலைக்குப் போகிறார். மாரி நாட்களில் குதிக்கால் வலிக்கும், கதிரையில் இருந்து தொழுகிறார். நான் பின்னேரங்களில் அவருக்கு அழைப்பு எடுப்பதை நிறுத்தியிருந்தேன். அது அவருக்கு எப்படியோ விளங்கியிருக்க வேண்டும். ஒருநாள் அவராகவே எடுத்து, ஏன் கதைப்பதில்லை என்று கேட்டுப் பேசினார். அதற்குப் பிறகு நான் அழைக்கும்போதெல்லாம், ஸலாம் சொன்ன கையோடு வாப்பா முதலில் சொல்வது ஒன்றுதான்:

"நான் கீழதான் நிக்கிறன் மகள், சொல்லு."